புள்ளி தொலைந்த ஸ்கிரீன்ஷாட்டுகள்

வாசகர் கேள்வி, 11 ஜூன் 2024
குரோமில் ஒரு பக்கத்தின் பகுதியை மட்டும் வெட்டி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். திரையில் பளிச்சென்று இருந்த எழுத்து, படத்தைத் திறந்து பார்த்தால் கண்ணாடி போடாமல் படிப்பது மாதிரி இருக்கிறது. லேப்டாப் புதிது, ஃபுல் எச்டி. எந்த ஆப் போட்டால் சரியாகும்?

11 ஜூன், இரவு 9.50
ஆப் எதுவும் வேண்டாம். ஜேபெக் வகைக் கோப்பாகச் சேமித்திருப்பீர்கள், அது சுருக்கும்போது தெளிவை இழக்கும். பிஎன்ஜியில் சேமியுங்கள். முடிந்தது வேலை.

11 ஜூன், இரவு 11.20
முடியவில்லை. படத்தை அனுப்பியிருக்கிறார், அது பிஎன்ஜிதான். ஒன்றரை மணி நேரத்தில் என் மேதாவித்தனம் காலி.

இன்னொரு வேடிக்கை. அதே படம் என் கணினியில் ஊசி முனை மாதிரி தெளிவாக இருக்கிறது. அவர் "மங்கல்" என்கிறார், நான் "இல்லை" என்கிறேன், இருவரும் பார்ப்பது ஒரே கோப்பு. தூங்கிவிட்டு வருகிறேன்.

12 ஜூன், காலை 7.10
பல் தேய்க்கும்போது உறைத்தது. அவர் விண்டோஸில் திரையில் தெரியும் எழுத்து, படங்களின் அளவை 125 சதவீதம் என்று வைத்திருப்பார். சின்னத் திரையில் ஃபுல் எச்டி என்றால் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும், அதனால் பல லேப்டாப்கள் கடையிலிருந்து வரும்போதே அப்படித்தான் வரும்.

நடப்பது இதுதான். பிரவுசருக்கு இரண்டு வகைப் பிக்சல் உண்டு. ஒன்று திரையில் நிஜமாக எரியும் புள்ளி. மற்றது பக்கத்தை வடிவமைத்தவர் கணக்குப் போடும் கற்பனைப் பிக்சல். 125 சதவீதத்தில் ஒரு கற்பனைப் பிக்சலுக்கு ஒன்றேகால் நிஜப் புள்ளி. எழுத்துக்கு இதனால் பாதகமில்லை. எழுத்துரு என்பது கோடுகளின் கணக்கு, எந்த அளவுக்கும் புதிதாக வரைந்துகொள்ளும். ஆனால் படம் என்பது ஏற்கெனவே வரைந்து முடித்த கட்டங்கள். அவர் வெட்டிய படம் 900 பிக்சல் அகலம். அதை பிரவுசரிலேயே திறக்கும்போது 900 கற்பனைப் பிக்சலாக எடுத்துக்கொண்டு 1,125 நிஜப் புள்ளிகளில் பரப்புகிறது. 900 பேருக்குச் சமைத்ததை 1,125 இலையில் பரிமாற வேண்டும். கூடுதலான 225 இலைக்கு அக்கம்பக்கத்து இலையிலிருந்து கலந்து கலந்து வைக்கிறார்கள். அந்தக் கலப்புதான் மங்கல்.

என் பழைய மானிட்டர் 1366க்கு 768, அளவு 100 சதவீதம். 900க்கு 900. அதனால்தான் எனக்குத் தெளிவு.

சோதிக்க: படத்தை பிரவுசரில் திறந்து ஜூமை 80 சதவீதம் ஆக்குங்கள். ஒன்றேகாலை 0.8ஆல் பெருக்கினால் சரியாக 1. விண்டோஸில் 150 வைத்திருப்பவர்கள் 67க்குப் போங்கள்.

12 ஜூன், பகல் 1.05
"80 வைத்ததும் தெளிந்துவிட்டது, அப்படியென்றால் என் படம் நன்றாகத்தான் இருந்ததா?" என்கிறார். ஆமாம், நன்றாகத்தான் இருந்தது. எடுத்ததில் குற்றமில்லை, பார்த்ததில்தான்.

12 ஜூன், மாலை 6.30
அவர் கேட்ட அடுத்த கேள்வி நியாயமானது. தன் பக்கத்தில் இந்தப் படத்தைப் போட்டால் வருகிறவர்கள் எல்லோரிடமும் ஜூமை 80 ஆக்கச் சொல்ல முடியுமா? முடியாது. படத்தைப் போடும் இடத்தில் அகலம் 720 என்று குறிப்பிட்டுவிடுங்கள். 900ஐ ஒன்றேகாலால் வகுத்தால் 720. உங்களைப் போல 125 வைத்திருப்பவர்களுக்குப் புள்ளிக்குப் புள்ளி பொருந்தும். 100 வைத்திருப்பவர்களுக்குப் படம் கொஞ்சம் சுருங்கும். சுருங்குவதும் கலப்புதான், ஆனால் பெருக்கிக் கலப்பதைவிடச் சுருக்கிக் கலப்பது கண்ணை அவ்வளவு உறுத்தாது.

14 ஜூன், இரவு 10.40
அவர் பிரச்சினை தீர்ந்தது. இனி என் சொந்தப் புலம்பல். இந்த இழையில் நான் குதித்ததற்குக் காரணமே அதுதான்.

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பயிலரங்குக் கையேடு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். ஏ5 அளவு, பக்கத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட். "இங்கே 'தொகு' என்பதை அழுத்தவும், இப்படி ஒரு பெட்டி வரும்" என்ற பாணி. மாதிரிக்கு நான்கு பக்கம் அச்செடுத்துப் பார்த்தேன். "மணல்தொட்டி" (புதியவர்கள் எழுதிப் பழகும் பக்கம்) என்பது "மணலதொடடி" என்று வந்திருக்கிறது. புள்ளியைக் காணோம். முதல் வரிசையில் உட்காரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இதைப் பார்த்தால் கையேட்டை என் மேலேயே எறிவார்.

ஆங்கில எழுத்து மங்கினாலும் ஒப்பேற்றிப் படித்துவிடலாம். நமக்கு அப்படியில்லை. 16 பிக்சல் அளவு எழுத்தில் மெய்யின் புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோ பிக்சல். கலப்பில் முதலில் சாவது அதுதான். அடுத்தது ண-வின் சுழிகள். மூன்று சுழி இரண்டாகத் தெரிந்தால் "பணி" "பனி" ஆகிவிடும்.

15 ஜூன், காலை 8.15
அச்சகத்தில் கேட்டேன். "300 டிபிஐ வேண்டும் சார்" என்றார்கள். அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு அது. கோப்பின் பண்புகளில் 96 என்று இருந்தது. ஒரு மென்பொருளில் திறந்து 300 என்று மாற்றிச் சேமித்துக் கொடுத்துவிட்டேன். அச்சு அப்படியே மங்கல்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அந்த எண் வெறும் சீட்டு. அரிசி மூட்டையில் 50 கிலோ என்று எழுதி ஒட்டினால் உள்ளே இருக்கும் 20 கிலோ 50 ஆகாது. பார்க்க வேண்டியது பிக்சல் எத்தனை, தாளில் எத்தனை அங்குலம் என்பது மட்டுமே. என் பக்கத்தில் படத்துக்கு 12 செ.மீ. இடம், அதாவது 4.72 அங்குலம். திரை முழுவதையும் எடுத்தால் 1,366 பிக்சல், அங்குலத்துக்கு 289. பரவாயில்லை. ஆனால் நான் வெட்டியது 600 பிக்சல் அகலப் பெட்டி. அங்குலத்துக்கு 127. புள்ளி எங்கே பிழைக்கும்?

15 ஜூன், இரவு 9.00
வழி கண்டுபிடித்துவிட்டேன். கன்ட்ரோல், பிளஸ். பிரவுசர் ஜூமை 200 ஆக்கிவிட்டு எடுங்கள். எழுத்து புதிதாக வரையப்படும், 600 பிக்சல் பெட்டி 1,200 ஆகும், அங்குலத்துக்கு 254. இவ்வளவுதானா! எல்லோரும் இதைச் செய்யுங்கள்.

16 ஜூன், காலை 11.30
எல்லோரும் இதைச் செய்யாதீர்கள். அல்லது பார்த்துச் செய்யுங்கள்.

1,366 பிக்சல் திரையில் 200 சதவீதம் வைத்தால் பக்கத்துக்குக் கிடைக்கும் கற்பனை அகலம் 683. தளம் "ஏதோ சின்னத் திரை போல" என்று நினைத்துக்கொண்டு உருவத்தையே மாற்றிவிட்டது. மேலே வரிசையாக இருந்த பொத்தான்கள் ஒரு சிறு பட்டிக்குள் போய் ஒளிந்தன. கையேட்டில் நான் "மேலே வலப்பக்கம் பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறேன், படத்தில் வலப்பக்கம் வெறிச்சோடிக் கிடக்கிறது. பயிலரங்கில் தன் திரையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து முழிப்பார்கள்.

ஒரே ஒரு பத்தியையோ பெட்டியையோ பிடிக்க ஜூம் போதும். முழுப் பக்கத்தின் தோற்றம் மாறக் கூடாது என்றால் போதாது.

16 ஜூன், இரவு 10.10
கைபேசியில் எடுத்தால் அற்புதமாக வருகிறதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வரும். 1,080 நிஜப் புள்ளி அகலமுள்ள பல கைபேசிகளில் பிரவுசர் 360 கற்பனைப் பிக்சல் என்று கணக்கு வைக்கும். ஒன்றுக்கு மூன்று. அந்த "ஒன்றுக்கு எத்தனை" என்ற எண்ணுக்கு டிவைஸ் பிக்சல் ரேஷியோ, சுருக்கமாக டிபிஆர் என்று பெயர். கேள்வி கேட்டவருக்கு அது ஒன்றேகால், எனக்கு ஒன்று.

அந்த எண்ணை மட்டும் ஏற்றிவிட்டுப் பக்கத்தின் அகலத்தைத் தொடாமல் இருந்தால்? அதுதான் எனக்கு வேண்டியது. ஜூம் செய்யும்போது இரண்டும் சேர்ந்து மாறிவிடுகின்றன.

17 ஜூன், மாலை 5.45
குரோமில் செய்யலாம். செய்து பார்த்துவிட்டேன்.

எஃப்12 அழுத்தி டெவலப்பர் பலகையைத் திறந்து, கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எம். பக்கம் ஒரு கைபேசிச் சட்டத்துக்குள் போனதுபோல் ஆகும், பயப்பட வேண்டாம். மேலே சாதனப் பெயர் இருக்கும் இடத்தில் 'ரெஸ்பான்சிவ்' தேர்ந்தெடுத்து, அகலம் 1,280, உயரம் 800 என்று தட்டுங்கள். அந்தப் பட்டியின் ஓரத்தில் மூன்று புள்ளி மெனு. (இந்தப் புள்ளிகள் மட்டும் ஒருநாளும் தொலைவதில்லை.) அதில் டிவைஸ் பிக்சல் ரேஷியோவைச் சேர்க்கும் வரி இருக்கிறது. சேர்த்ததும் பட்டியில் புதிதாக ஒரு தேர்வு முளைக்கும், அதை 2 ஆக்குங்கள். அதே மூன்று புள்ளி மெனுவில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வரி. வந்து விழுவது 2,560க்கு 1,600 பிஎன்ஜி. உங்கள் திரை 1366ஆக இருந்தாலும் அப்படித்தான். பக்கத்தின் அமைப்பு 1,280க்கு உரியதாகவே இருக்கும்.

600 பெட்டி இப்போது 1,200. டிபிஆர் 3 வைத்தால் 1,800, அங்குலத்துக்கு 381. அச்சகத்தார் கேட்டதற்கு மேலேயே.

17 ஜூன், மாலை 6.20
விட்டுப்போனது: சாதன வகை 'மொபைல்' என்று இருந்தால் 'டெஸ்க்டாப்' ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் தளம் உங்களைத் தொடுதிரைக்காரர் என்று நினைக்கும். மவுசை மேலே வைத்தால் விரியும் மெனுக்களைப் பிடிக்க முடியாது. நான் அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன்.

18 ஜூன், இரவு 9.30
ஃபயர்பாக்ஸ்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். உங்களுக்கு இன்னும் சுலபம். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-கே அழுத்தி கன்சோலைத் திறந்து, முதலில் ஒரு முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் ஸ்கிரீன்ஷாட் என்ற சொல், ஓர் இடைவெளி, இரண்டு சிறுகோடு, அவற்றை ஒட்டி டிபிஆர், மறுபடி இடைவெளி, 2. எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில். முழுப் பக்கமும் வேண்டுமென்றால் இன்னும் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோட்டை ஒட்டி ஃபுல்பேஜ். என்டர் தட்டினால் பதிவிறக்கக் கோப்புறையில் போய் உட்காரும். வலது கிளிக்கில் வரும் வழக்கமான ஸ்கிரீன்ஷாட் வசதியில் இந்த எண்ணை மாற்ற இடமில்லை.

இதைத் தமிழ் எழுத்தில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது. தந்தி வாசகம் சொல்வது மாதிரி இருக்கிறது.

20 ஜூன், காலை 7.50
டிபிஆர் 2 வைத்தும் ஒரு விஷயம் மங்கலாகவே இருக்கிறது: பக்கத்தில் இருக்கும் புகைப்படங்களும் சின்னங்களும். எழுத்து தெளிவாக ஆனதும் இவை இன்னும் கண்ணில் படுகின்றன. வெள்ளையடித்த வீட்டில் பழைய கதவு மாதிரி. தளத்தில் பெரிய பதிப்பு இருந்தால் பிரவுசர் தானே அதைக் கேட்டு வாங்கும், இல்லாவிட்டால் இருப்பதைத்தான் இழுத்துக் காட்டும். விட்டுத் தள்ளினேன். கையேட்டுக்கு எழுத்துதான் முக்கியம்.

20 ஜூன், இரவு 8.40
முழுப் பக்கம் பிடிக்கப் போய் ஒரு கட்டுரை நடுவில் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. உயரம் 16,384 பிக்சலைத் தாண்டினால் குரோம் தடுமாறுகிறது. டிபிஆர் 2 என்றால் பாதியிலேயே, 8,192 கற்பனைப் பிக்சலிலேயே எல்லை வந்துவிடும். நீளமான கட்டுரைகளைத் துண்டு துண்டாக எடுங்கள்.

22 ஜூன், இரவு 11.00
இது படத்தின் குற்றமே இல்லாத வகை. பக்கத்தின் நடுவில் எழும்பும் ஒரு பெட்டி, அதற்குள் இருக்கும் எழுத்து மட்டும் திரையிலேயே மங்கல். உற்றுப் பார்க்கும் வரை எனக்குத் தெரியவில்லை, ஸ்கிரீன்ஷாட்டின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

பெட்டியை நட்ட நடுவில் நிறுத்த, அதை அதன் அகலத்தில் பாதி தூரம் இடப்பக்கம் நகர்த்துவார்கள். அகலம் ஒற்றைப்படை என்றால் பாதி அரைப் பிக்சலில் முடியும். இரண்டு பிக்சலுக்கு நடுவில் எழுத்தை எப்படி நிறுத்துவது? இரண்டிலும் பாதிப் பாதி பூசிவிடுகிறது. பிரவுசர் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து ஒரு நூல் இழுங்கள், சில நேரம் சட்டென்று தெளியும். டிபிஆர் 2 வைத்தாலும் போய்விடும், அரை என்பது அங்கே முழு ஒன்று.

23 ஜூன், பகல் 12.15
என் முதல் பதிலைக் கிண்டலடித்தவர்களுக்கு: ஜேபெக் நிரபராதி அல்ல.

கையேட்டில் சிவப்பு இணைப்பு பற்றி ஒரு பக்கம் உண்டு. இன்னும் எழுதப்படாத கட்டுரைக்கு விக்கிப்பீடியாவில் இணைப்பு சிவப்பாகத் தெரியும். ஜேபெக்கில் சேமித்த படத்தில் கறுப்பு எழுத்து சுமாராக இருந்தது, சிவப்பு மட்டும் வெற்றிலை எச்சில் மாதிரி பரவியிருந்தது. காரணம் உண்டு. ஜேபெக் வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்து வைக்கும். மனிதக் கண் நிறத்தில் நுணுக்கம் பார்ப்பது குறைவு என்பதால், வழக்கமான அமைப்பில் நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிறத்தை எழுதிக்கொள்ளும். பூ, முகம், வானம் எல்லாவற்றுக்கும் இது போதும். வெள்ளைத் தாளில் ஒரு பிக்சல் தடிமனான சிவப்புக் கோட்டுக்கு இது மரணம். அதோடு 8க்கு 8 கட்டங்களாக வெட்டிச் சுருக்குவதால் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தது போல் அழுக்கு வேறு.

அந்தப் படத்தை இப்போது பிஎன்ஜியாக மாற்றிச் சேமித்தால்? மாவாக அரைத்ததை அரிசி மூட்டையில் கொட்டினால் அரிசி ஆகாது.

23 ஜூன், இரவு 10.25
கைபேசிச் செய்திச் செயலி வழியாகப் படம் அனுப்புகிறவர்கள் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். பிஎன்ஜியாக எடுத்து, படமாக அனுப்பி, அந்தப் பக்கத்தில் ஜேபெக்காக இறக்கி, "எடுத்ததே மங்கல்" என்று சண்டை போட்டவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் நான்.

25 ஜூன், காலை 6.50
ஏஐ வைத்துத் தெளிவாக்கலாமே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். செய்து பார்த்தேன். கோடுகள் அபாரமாக இருந்தன. "பணி" என்று இருந்த இடத்தில் அழகான, கூர்மையான, துளியும் மங்கல் இல்லாத "பனி".

மங்கலாக இருந்தபோதாவது சந்தேகப்பட்டுத் திரும்பப் பார்த்திருப்போம். இது அடித்துச் சொல்கிறது. மூலப் பக்கம் கையில் இருக்கும்வரை மறுபடி எடுப்பதுதான் வழி.

மூலப் பக்கமே இப்போது இல்லை, பழைய படம் மட்டும்தான் என்றால்: இருமடங்கோ மும்மடங்கோ, முழு எண்ணாகப் பெரிதாக்குங்கள். ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் அளவு மாற்றும்போது 'இன்டர்போலேஷன்' என்ற இடத்தில் 'நன்' (எதுவும் வேண்டாம் என்று பொருள்) வையுங்கள். இருமடங்கில் ஒவ்வொரு பிக்சலும் நான்கு பிக்சலாகும், கலப்பு இருக்காது. படிக்கட்டு மாதிரி தெரியும், ஆனாலும் அச்சில் மங்கலைவிட இது படிக்க எளிதாக இருந்தது. ஒன்றரை மடங்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

26 ஜூன், மாலை 7.30
பிடிஎஃப் ஆக அச்சிட்டு அதிலிருந்து வெட்டினால் எழுத்து கோடாகவே இருக்குமே, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காதே என்றார் ஒருவர். எனக்கும் ஆசை வந்தது. செய்தேன். கட்டுரை கண்ணாடி மாதிரி வந்தது. "தொகு" பொத்தான், மேல் பட்டி, பக்கப் பட்டி எதுவும் வரவில்லை. அச்சுக்கு அவை தேவையில்லை என்று விக்கிப்பீடியா தானே மறைத்துவிடுகிறது. "தொகு என்பதை அழுத்தவும்" என்று சொல்லும் கையேட்டில் தொகு இல்லாத படம்.

27 ஜூன், இரவு 9.15
வேறு பேச்சு. சில படங்களில் என் பயனர் பெயர் தெரிகிறது, அதன் மேல் மங்கல் பூசியிருந்தேன். இரண்டு வாரம் மங்கலை ஒழிக்கப் பாடுபட்டுவிட்டு வேண்டுமென்றே மங்கல் பூசும் அழகைப் பாருங்கள். பெயருக்குப் பரவாயில்லை, ஆனால் கடவுச்சொல், கணக்கு எண் போன்றவற்றுக்கு மங்கலோ கட்டம் கட்டமான மொசைக்கோ போதாது என்று ஒருவர் எச்சரித்தார். சரிதான். எந்த எழுத்துரு, எந்த அளவு என்று தெரிந்தால், ஒவ்வோர் எழுத்தாக மங்கவைத்து ஒப்பிட்டு மூலத்தைக் கண்டுபிடிக்க முடியும். முழுக் கறுப்புச் சதுரம் வைத்து, ஒரே அடுக்காக்கிச் சேமியுங்கள். எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

30 ஜூன், இரவு 11.40
கடைசிக் கண்ணி. படமெல்லாம் டிபிஆர் 3, பிஎன்ஜி, எல்லாம் சரி. கையேட்டைப் பிடிஎஃப் ஆக்கினேன், சிவப்பு மறுபடி கசிகிறது! நான் பார்க்காமல் விட்ட அமைப்பு. லிப்ரே ஆபிஸில் பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியில் படங்களுக்கு ஜேபெக் 90 சதவீதம், 300 டிபிஐக்குக் குறை என்று முன்கூட்டியே குறி போட்டிருக்கும். இழப்பில்லாத வகையைத் தேர்ந்து, தெளிவைக் குறைக்கும் குறியையும் எடுத்துவிடுங்கள். வேர்டில் என்றால் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட், அதில் படத்தைச் சுருக்காதே என்ற வரி. அது இல்லாமல் சேமித்தால் வழக்கமாக அங்குலத்துக்கு 220க்கு இறக்கிவிடும்.

6 ஜூலை, மாலை 4.20
அச்சுப்படி வந்தது. 9ஆம் பக்கத்தில் மணல்தொட்டி. ல்-க்குப் புள்ளி இருக்கிறது, ட்-க்குப் புள்ளி இருக்கிறது. வெயிலில் கொண்டுபோய் வைத்தும் பார்த்தேன். சிவப்பு இணைப்பு கசியவில்லை.

படியை அந்தத் தமிழாசிரியரிடமே கொடுத்திருக்கிறேன்.

9 ஜூலை, காலை 10.05
திருப்பிக் கொடுத்தார். எழுத்துப்பிழை ஏழு, ஒற்றுப்பிழை பதினொன்று, எல்லாம் நான் எழுதிய வாக்கியங்களில். படங்களில் ஒரே ஒரு இடத்தில் சிவப்பு மையால் வட்டம்: "இப்படம் மங்கலாக உள்ளது, தெளிவான படம் வைக்கவும்."

என் பயனர் பெயர். 22ஆம் பக்கத்தில் மட்டும் கறுப்புச் சதுரம் வைக்க மறந்திருக்கிறேன்.